பாறைக்கு அந்தப் பக்கம் நட்ட குச்சிகள்

அன்றைக்கு டெம்போவில் இருந்தவர்கள் இவர்கள்.

மேஸ்திரி அக்கா. எங்கள் ஊர்ப் பெண்களைக் கொல்லை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர். மேட்டு நிலத்தை நாங்கள் கொல்லை என்போம். முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய மருமகள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. கை நிறைய வளையல்.

எதிர் வீட்டுக்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். வாய் ஓயாது.

அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். வெற்றிலை போடுகிறவர்கள். ஒருத்தி பேசினால் இன்னொருத்தி தலையாட்டுவாள்.

டிரைவர். மேஸ்திரி அக்காவுக்குத் தம்பி முறை.

கடைசியாக ஏறியது நான். ஏறும்போது யாரும் கை கொடுக்கவில்லை. முன்பெல்லாம் கொடுப்பார்கள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் போய் அப்போது நாலு மாசம். மஞ்சள் காமாலை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பதினோரு நாள் வைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் நாள் திருப்பிக் கொண்டு வந்தோம். அதைப் பற்றி எழுத எனக்கு வராது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். வேலையைப் பற்றி எழுதுகிறேன். அது தெரியும்.

போன வேலை மரவள்ளிக் குச்சி நடுவது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கொல்லை. மலை ஜனங்கள் தங்கள் கொல்லையைத் தாங்களேதான் நடுவார்கள். அந்த வருஷம் அந்த ஊரில் பாதிப் பேர் எஸ்டேட் வேலைக்குக் கேரளா பக்கம் போய்விட்டிருந்தார்கள். சித்திரையிலேயே நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் நட வேண்டும். ஆள் இல்லை. அதனால் கீழே எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

மரவள்ளிக்கு விதை போடுவதில்லை. முன் வருஷத்துச் செடியின் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி மண்ணில் குத்த வேண்டும். அதைத்தான் குச்சி என்கிறோம். எங்கள் பக்கத்தில் முதல் குச்சியை யார் வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. ஈசான மூலையில் கற்பூரம் ஏற்றிக் குச்சிக்கு மஞ்சள் தடவுவார்கள். கைராசி உள்ள ஒருத்தியைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வார்கள். பதினெட்டு வருஷம் அந்த ஒருத்தி நான்.

ஏன் நான் என்று தெரியாது. முதல் வருஷம் நான் வைத்த கொல்லையில் ஒரு குச்சிகூடச் சாகவில்லையாம். அதிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். சங்கராபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் மேஸ்திரி அக்காவிடம் சொல்லி அனுப்புவார்கள், அந்த அம்மா வருவாளா என்று. எதிர் வீட்டுக்காரி சிரிப்பாள்.

"இவ வெச்சா வெளக்கமாத்துக் குச்சிகூட வேர் வுடும்டி."

எனக்கு அது பிடித்திருந்தது. வெளியே சொன்னதில்லை.

வேலையில் சந்தோஷம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் பேச மாட்டார்கள். வேலை என்றால் வெயில், இடுப்பு வலி, காலில் சேற்றுப்புண். பேச்சு அதோடு சரி. எனக்கும் இடுப்பு வலிக்கும். ஆனால் ஈர மண்ணில் குச்சி இறங்கும்போது கையில் ஒன்று தெரியும். கட்டை விரலால் சுற்றி அழுத்தினால் மண் அடங்கும். அடுத்தது. அதற்கடுத்தது. வரிசை முடிந்து நிமிர்ந்து திரும்பிப் பார்த்தால், காலையில் ஒன்றுமில்லாமல் கிடந்த கொல்லையில் கோடு போட்ட மாதிரி நிற்கும். அதுதான். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அவர் போன பிறகு அது போய்விட்டது. யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மாசியில் பக்கத்து ஊரில் தண்ணீர்ப் பாய்ச்சல் கொல்லையில் நடவு நடந்தது. டெம்போ என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனது. நான் துவைத்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி அக்காவைக் குழாயடியில் பிடித்துக் கேட்டேன்.

"நடவுக்கு ஆளு எடுக்கறீங்களாமே அக்கா."

"களைக்கு வா. நடவுக்கு வேணாம்."

"ஏன்க்கா?"

"தெரிஞ்சிக்கினே கேக்கறியே. என் இஷ்டமா? நெலத்துக்காரங்க மொத ஆளா உன்னத்தான் கேக்கறாங்க. அவ வூட்டுக்காரு பூட்டாருன்னு சொன்னா அப்பறம் வாயத் தொறக்க மாட்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"மொத குச்சி வேணாம். நடுவுல எங்கனா நட்டுக்கினு போறேன்."

"நடுவுல செத்துதுன்னாலும் உன்னத்தான் சொல்லுவாங்க. வேணாம்மா. பட்டுக்கினது போதும்."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

களைக்குப் போனேன். களை எடுப்பதும் வேலைதான். ஆனால் அது பிடுங்குவது. பிடுங்கிப் போட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்னால் குப்பைதான் கிடக்கும். வீட்டுக்கு வந்தால் ஒரு வேளை வடித்த சோறு மூன்று வேளைக்கு இருக்கும். உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்வாள். அவள் வீட்டுக்காரர் ரோட்டோர ஓட்டலில் பரோட்டா போடுகிறார்.

"சாப்ட்டியாம்மா?"

"ம்."

"இன்னா கொழம்பு?"

நான் ஏதாவது ஒன்றைச் சொல்வேன். அவளுக்கும் தெரியும். "இங்க வந்துடேம்மா" என்பாள். நான் அங்கே போய் என்ன செய்வது? அங்கே கொல்லை கிடையாது. லாரி சத்தம்தான்.

அந்த நாட்களில் காலையில் எழுந்ததும் எதற்கு எழுந்தோம் என்று இருக்கும். செத்துப்போகவும் தோன்றவில்லை. எழுந்து வாசலைக் கூட்டுவேன். கூட்டி முடித்தால் முடிந்துவிட்டது. அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மலை வேலைக்குப் போகிற அன்று விடியற்காலையில் எதிர் வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். எப்போதும் போகிற ஒருத்தியின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்களாம். ஒரு ஆள் கம்மி.

"மேஸ்திரி கூப்புடுது. சீக்கிரம் வாடி. தலையக் கட்டிக்கினு வா, அது போதும்."

டெம்போ பக்கத்தில் மேஸ்திரி அக்கா நின்றிருந்தார். கையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை.

"ஒண்ணு ஒட்டிக்கோ. மலையில நெலத்துக்காரம்மாவுக்கு உன்னத் தெரியாது. ஒரு நாள்தான."

"அது மட்டும் வேணாம்க்கா."

அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஏறு" என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது டிரைவர் பின்னால் திரும்பாமல் கத்தினார்.

"வாந்தி வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. நேத்துதான் வண்டியக் கழுவுனேன்."

எதிர் வீட்டுக்காரி விடவில்லை. "உன் வண்டியப் பாத்தாலே வாந்தி வருது. இதுல இன்னாத்த முன்னாடி சொல்றது?"

"எறங்கி நடந்து வா அப்போ."

"நடந்தா உனக்கு முன்ன போய்ச் சேந்துடுவேன்டா."

வெற்றிலை போடுகிற அக்கா சிரித்தாள். தங்கை தலையாட்டினாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நாலு மாசத்தில் முதல் தடவை. எதிர் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொல்லை சரிவில் இருந்தது. செம்மண். நடுவில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. பாறைக்கு இந்தப் பக்கம் பெரிய கொல்லை. அந்தப் பக்கம் ஒரு துண்டு. நிலத்துக்காரி நாற்பது வயதுக்காரி, சத்தமாகப் பேசுகிறவள். அவள் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் இருந்தார்.

முதல் குச்சியை மருமகள்தான் வைத்தாள். கற்பூரம் காற்றில் இரண்டு முறை அணைந்தது. குச்சியின் எந்தப் பக்கம் மேலே என்று மறந்துபோய் என்னைப் பார்த்தாள். இலை உதிர்ந்த தழும்புக்கு மேல் சின்ன மொட்டு இருக்கும். அந்த மொட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். நான் கட்டை விரலை மேலே காட்டினேன். அவள் வைத்தாள். எல்லோரும் கும்பிட்டார்கள். நான் தள்ளி நின்று கும்பிட்டேன்.

மேஸ்திரி அக்கா என் பக்கத்தில் வந்தார்.

"பாறைக்கு அந்தாண்ட ஒரு துண்டு இருக்குது பாரு. அத நீ ஒருத்தியே பாத்துக்கோ. இந்தாண்ட வராத."

"சரிக்கா."

நாங்கள் கீழேயிருந்து கொண்டு வந்த குச்சிக்கட்டு பெரிய கொல்லைக்கே சரியாக இருந்தது. அந்தத் துண்டுக்கு நிலத்துக்காரி தானே நறுக்கிக் கட்டி வைத்திருந்ததைக் கொடுத்தாள். ஐம்பது ஐம்பதாகப் பன்னிரண்டு கட்டு. தலையில் தூக்கிவந்து பாறையோரம் போட்டாள். என் கழுத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள்.

"உன் வூட்டுக்காரரு இல்லியா?"

"இல்லீங்க."

"என் வூட்டுக்காரரு இருக்கறாரு. இருந்தும் இன்னா? எட்டு மாசமா மூஞ்சியப் பாக்கல." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அது அவ்வளவுதான். பொட்டும் தேவையில்லை, பாறையும் தேவையில்லை. அதைப் போய் மேஸ்திரி அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தனியாக இருப்பது நல்லதாகப்பட்டது.

குனிந்தேன். நட ஆரம்பித்தேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. குச்சியைக் கட்டும்போது முடிச்சை அடிப்பக்கம் போடுவோம். எல்லாக் குச்சியும் ஒரே பக்கம் அடி, ஒரே பக்கம் தலை. கட்டை எடுத்து முடிச்சு கீழே வருகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டால் போதும். உருவி உருவிக் குத்திக்கொண்டே போகலாம். ஒவ்வொரு குச்சியாக மொட்டைப் பார்ப்பது புது ஆட்கள் செய்வது. பதினெட்டு வருஷம் முதல் குச்சி வைத்தவள் பார்க்க மாட்டாள்.

முதல் வரிசை கொஞ்சம் கோணல். இரண்டாவது நேரானது. மூன்றாவதில் கை வந்துவிட்டது. கொத்தினால் மண் திறக்கிறது, குச்சி இறங்குகிறது, விரல் அழுத்துகிறது. பாறை நிழல் முதுகில் விழுந்தது. அந்தப் பக்கம் எதிர் வீட்டுக்காரியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை. கை மட்டும்தான். மூச்சு மட்டும்தான். நான் ஏதோ முனகிக்கொண்டிருந்திருக்கிறேன். பாட்டு இல்லை, வெறும் சத்தம். அது என் சத்தம்தான் என்று வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பாறையில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று மணி நேரமாக அவர் செத்துப்போனதை நான் நினைக்கவில்லை. ஒரு தடவைகூட.

தூக்கை அப்படியே மூடி வைத்துவிட்டேன். அவரோடு இருபத்தாறு வருஷம் இருந்தேன். மூன்று மணி நேரத்தில் மறந்துவிட்டு முனகிக்கொண்டு நட்டிருக்கிறேன். இது என்ன மனசு? ஆனால் எழுந்து மறுபடியும் குனிந்தபோது கை மறுபடியும் அதே மாதிரி ஓடியது. நான் தடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு கட்டும் முடிந்தது. அறுநூறு குச்சி. திரும்பிப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி நின்றது.

பதினெட்டு நாள் கழித்து மறுபடியும் போனோம். முளைக்காத இடத்தில் வேறு குச்சி வைப்பதற்கும் முதல் களைக்கும். என்னையும் கூப்பிட்டார்கள், களைக்கு. போகும்போது உள்ளே ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. முளைத்திருப்பதைப் பார்க்கப் போகிறோம் என்று. அந்தப் பதினெட்டு நாளும் அதை நினைத்துத்தான் எழுந்தேன். அதை நினைத்துத்தான் குழம்பு வைத்தேன். மகளிடம் உண்மையான குழம்பைச் சொன்னேன்.

பெரிய கொல்லை பச்சையாக இருந்தது. ஒவ்வொரு குச்சியிலும் விரல் விரித்த மாதிரி இலை. மருமகள் தன் முதல் குச்சியைப் போய்த் தொட்டுப் பார்த்தாள்.

பாறைக்கு அந்தப் பக்கம் போனேன். எல்லாக் குச்சியும் நான் வைத்த மாதிரியே மொட்டையாக நின்றது. வரிசை வரிசையாக. ஒரு பச்சையும் இல்லை.

எனக்குப் பின்னால் எல்லோரும் வந்துவிட்டார்கள். எதிர் வீட்டுக்காரி வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"ஏன்டி, பாறைக்கு அந்தாண்ட மட்டும் மழ பெய்யலியா?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெற்றிலை போடுகிற அக்கா சொன்னாள். "இவ வேணாம்னு நான் அன்னிக்கே சொன்னேன்." தங்கை தலையாட்டினாள்.

நான் உட்கார்ந்து ஒரு குச்சியைச் சுற்றி மண்ணைத் தோண்டினேன். மெல்ல உருவினேன். மொட்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தது. மண்ணுக்குள்ளே ஒரு வெள்ளை முளை கீழ்நோக்கிக் கிளம்பி, வழி தெரியாமல், கொக்கி மாதிரி வளைந்து மேலே வரப் பார்த்திருந்தது. இன்னொன்றைத் தோண்டினேன். அதுவும் அப்படித்தான். அறுநூறையும் தலைகீழாக நட்டிருக்கிறேன்.

நிலத்துக்காரி வந்து என் கையிலிருந்த குச்சியை வாங்கிப் பார்த்தாள். சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"முடிச்சப் பாத்து நட்டியா? நாங்க முடிச்சத் தலப்பக்கம் போடுவோம்க்கா. கட்ட நட்டமா நெழல்ல நிக்க வெப்போம், மேல புடிச்சித் தூக்கறதுக்கு. உனக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. மொட்டு குச்சியிலேயே இருக்கிறது. மருமகளுக்கு விரலைக் காட்டியவள் நான். ஒரே ஒரு குச்சியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

"புடுங்கிட்டுத் திருப்பி நடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம். முளை ஒடிஞ்சிடும். அதுவா மண்ணுக்குள்ள திரும்பிக்கும், இன்னும் பத்து நாளு ஆவும். எல்லாம் வராது. வர்றது வரட்டும்." அவள் போய்விட்டாள். கோபம் இல்லை. அவளுக்கு வேறு கொல்லையும் இருந்தது.

நான் மேஸ்திரி அக்காவிடம் போனேன். குச்சியைக் காட்டினேன்.

"கைராசி இல்லக்கா. தலைகீழா வெச்சிட்டேன். முடிச்சு மாறிடுச்சு. கீழ எல்லார்கிட்டயும் அதச் சொல்லுங்க."

அவர் குச்சியை வாங்கினார். பார்த்தார். தூரப் போட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத."

"ஏன்க்கா?"

"என் ஆளுங்க தலைகீழா நட்டாங்கன்னு கீழ தெரிஞ்சா நாளைக்கு எவன் கூப்புடுவான்? இருவது வருசமா சேத்த பேரு. கைராசி கெட்டதுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அது யார் தப்பும் இல்ல."

"என் தப்புதான்க்கா இது. ராசி இல்ல. தப்பு."

"உனக்கு எதுவா இருந்தா இன்னா? ரெண்டுல எதுன்னாலும் உன்ன நடவுக்குக் கூப்புட மாட்டாங்க. ஒண்ணுல நாங்க அஞ்சு பேரு பொழச்சிக்குவோம்."

அவர் சொன்னது சரிதான். நான் ரொம்ப நேரம் யோசித்தேன், அதில் தப்பு கண்டுபிடிக்க. கிடைக்கவில்லை. ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றில்லை. தப்பு என்றால் அடுத்த தடவை பார்த்து நடலாம். ராசி என்றால் அடுத்த தடவை கிடையாது.

அதை அவரிடம் சொன்னேன். இப்படிக் கோர்வையாக இல்லை. "இன்னொரு வாட்டி பாத்து நடுவேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். அதையே மூன்று தடவை சொன்னேன். நான் யாரையும் எதையும் மூன்று தடவை கேட்டவள் இல்லை. அவருக்கு அது தெரியும்.

மற்றவர்கள் களை வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். மருமகள் மட்டும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மேஸ்திரி அக்கா கொல்லையைப் பார்த்தார். வாயில் இருந்ததைத் துப்பினார்.

"சரி. பத்து நாளு போவட்டும். நீயும் இவளும் வந்து எண்ணிப் பாருங்க. பாதி வந்திருந்துச்சுன்னா, அறுநூறுல முந்நூறு, நான் எல்லார்கிட்டயும் பேசறேன். மலைக்காரங்க கட்ட மாத்திக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லி, உன்ன மறுபடியும் நடவுக்குக் கூட்டிக்கினு போறேன். பாதி வரலன்னா களைக்கு மட்டும் வா. நடவப் பத்திப் பேசவே கூடாது. என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

"சரிக்கா."

"ஒண்ணு கொறஞ்சாலும் கொறஞ்சதுதான்."

"சரிக்கா."

அந்தப் பத்து நாளில் இரண்டு முறை மழை பெய்தது. வீட்டு ஓட்டில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே பெய்கிற மழை மேலே பெய்ததா என்று தெரியாது. மலை உச்சி இங்கிருந்து நீலமாகத் தெரியும். அந்தப் பக்கம் மேகம் நிற்கிறதா என்று பார்ப்பேன். மண்ணுக்குள்ளே அந்த முளைகள் வளைந்துகொண்டிருப்பதை நினைப்பேன். ஒவ்வொன்றும் நான் கெடுத்து வைத்தது. சாமியைக் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமும் விட்டுப்போயிருந்தது.

ஊரில் பேச்சு பரவிவிட்டது. கடையில் உப்பு வாங்கப் போனால் பேச்சு நிற்கும். ஒருத்தி வீட்டு வாசலில் வெண்டை விதை ஊன்றிக்கொண்டிருந்தாள். நான் தெருவில் போவதைப் பார்த்து எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் விதையைத் தொடப் போவதில்லை. தெருவோடு போகிறேன். நான் வேகமாக நடக்கவும் இல்லை, மெதுவாக நடக்கவும் இல்லை.

மகள் போன் செய்தாள். "இன்னாம்மா குரலே சரியில்ல?"

"மழ."

"மழைக்கும் குரலுக்கும் இன்னாம்மா?"

வைத்துவிட்டேன்.

பத்தாம் நாள் மருமகளும் நானும் பஸ்ஸில் போனோம். கச்சிராயபாளையத்தில் இறங்கி மலை பஸ் மாறினோம். அவளுக்கு வளைவுகளில் தலை சுற்றியது. என் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு நினைவு வந்து நிமிர்ந்தாள். பிறகு மறுபடியும் சாய்ந்துகொண்டாள்.

"அத்த, எனக்கு அந்த மொத குச்சி வைக்கறது புடிக்கல. அது செத்துட்டா என் தலையிலதான வுழும்."

"சாவாது."

"உங்களுக்கு பயமா இருக்காதா?"

"இல்ல. எனக்குப் புடிக்கும்."

இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

நிலத்துக்காரி வீட்டில் இல்லை. நேராகப் பாறைக்குப் போனோம். பாறை மேல் ஏறி நின்றபோது பச்சை தெரிந்தது. அங்கங்கே, திட்டுத் திட்டாக, மண்ணை ஒட்டிச் சின்ன இலைகள். பெரிய கொல்லையில் செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. இங்கே இரண்டு விரல் உயரம். ஆனால் வந்திருந்தது. தலைகீழாகக் குத்தி வைத்ததெல்லாம் திரும்பிக்கொண்டு வந்திருந்தது. நான் உட்கார்ந்து ஒன்றைத் தொட்டேன். பனி ஈரம் இருந்தது. அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தேன். எண்ண வேண்டும் என்பது மறந்துபோகிற அளவுக்கு.

"எண்ணலாமா அத்த?"

வரிசைக்கு இரண்டு பேராக எண்ணினோம். அவள் சத்தமாக, நான் மனசுக்குள். வரிசை முடிவில் சேர்த்துப் பார்த்துக்கொள்வோம். முதல் ஐந்து வரிசை நன்றாக இருந்தது. பாறை நிழல் விழுகிற இடம், ஈரம் நின்றிருந்தது. மேட்டுப் பக்கம் போகப் போகக் குறைந்தது. ஒரு வரிசையில் நாலு. அதற்கடுத்ததில் இரண்டு. குச்சிகள் கருத்து, தோல் சுருங்கி, தொட்டால் ஆடின.

ஒரு இடத்தில் மண் வெடித்து உப்பியிருந்தது. இலை தெரியவில்லை.

"இது உள்ள வந்துகினு இருக்குது அத்த. ரெண்டு நாள்ல வந்துடும். சேத்துக்கலாமா?"

"மண்ணுக்கு மேல தெரிஞ்சாத்தான்."

"லேசாக் கீறி வுட்டா தெரியும்."

"கீறாத."

இப்படி இன்னும் சில இடத்தில். ஒவ்வொரு தடவையும் அவள் என்னைப் பார்த்தாள். நான் தாண்டிப் போனேன். கடைசி வரிசை முடிந்ததும் இரண்டு பேரும் நின்றோம். அவள் கணக்கும் என் கணக்கும் ஒன்றாக இருந்தது. மறுபடியும் ஒரு தடவை எண்ணினோம். அதே.

"முந்நூறுன்னு சொல்லிடறேன் அத்த. யாரு வந்து எண்ணப் போறாங்க?"

"எண்ணுனதச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் வராது." அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

சொல்லியிருக்கலாம், முந்நூறு என்று. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அதை நினைத்தேன். சொன்னால் அடுத்த ஆடியில் எங்காவது ஒரு கொல்லையில் குனிந்து நிற்பேன். ஆனால் நடுகிறவள் குச்சியை எண்ணிப் பொய் சொல்வதா? அதைச் சொல்லிவிட்டுப் போய் நட்டால் கைக்கு அது வருமா? எனக்குத் தெரியவில்லை. வராது என்றுதான் பட்டது.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் மேஸ்திரி அக்கா நின்றிருந்தார். காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அவருக்கும் ஏதோ இருந்திருக்கும். மருமகள் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு அவர் பின்னால் போய் நின்றாள்.

"எத்தினி?" என்றார்.

நான் சொன்னேன்.

"இருநூத்தி எண்பத்தி மூணு."